நல்ல தண்ணீரில் கழுவிய குப்பை

அமலோற்பவத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடம் கேட்டாலும் முதலில் அவளுடைய கூடையைத்தான் சொல்வார்கள். காலையில் வெறுங்கூடையோடு கடற்கரைக்குப் போவாள். திரும்பி வரும்போது கூடை கனக்கும், மேலே ஈரத்துணி இறுக்கிக் கட்டியிருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் "எல தழதான்" என்பாள். கடற்கரையில் ஏது இலை தழை? எங்கள் தெரு அவ்வளவு ஏமாந்த தெரு இல்லை.

அது அவசர நிலை வந்த வருஷம். கஸ்டம்ஸ்காரர்கள் எந்த வீட்டுக்குள் எப்போது நுழைவார்கள் என்று தெரியாது. தெரியாத ஆள் சைக்கிளில் வந்தால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வோம். மூடிக் கட்டிய எதைப் பார்த்தாலும் தங்கமா, ஃபாரின் வாட்சா என்றுதான் புத்தி போகும். ஆகவே அந்தக் கூடையை நாங்கள் பார்த்ததில் தப்பில்லை. ஆனால் பாஸ்கல் பார்த்தது வேறு பார்வை.

பாஸ்கல் அவளுடைய புருஷனின் அண்ணன். புருஷன் ரோச் கொழும்புக்குத் தோணியில் போனவன், திரும்பி வரவில்லை. பிள்ளை கிடையாது. பின்கட்டில் ஒரு அறையும் கொல்லையும் அவள் பங்குக்கு இருந்தன. சாப்பாடு மட்டும் முன்கட்டில், பாஸ்கலின் பெண்சாதி பிளாரன்ஸ் கையால். பிளாரன்ஸ் கெட்டவள் இல்லை. ஆனால் அமலோற்பவத்துக்குச் சோறு போடும்போது மட்டும் ஒரு பெருமூச்சு விடுவாள். வருஷக்கணக்காக அந்தப் பெருமூச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியிருந்தது. தனி அடுப்பு வேண்டும். கொல்லையில் காய்கறி போட்டு, விற்றது போக மிச்சத்தைத் தன் சட்டியில் தானே ஆக்கிச் சாப்பிட வேண்டும்.

கொல்லையோ முழுக்கக் கடல்மணல். கத்தரி நட்டால் வேர் பிடிப்பதற்குள் கருகிவிடும். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து காய் விற்க வரும் முத்துக்கனியிடம் புலம்பினாள்.

"மண்ணு இல்லன்னா மண்ண உண்டாக்க வேண்டியதுதாம்மா. எங்க பக்கம் குப்பக்குழி இல்லாத வீடு உண்டா? அழுகுறது எல்லாத்தையும் போட்டு மூடி வைங்க. ஐப்பசி மழைக்கு முந்தி எரு ஆயிரும்" என்றாள் முத்துக்கனி.

ஸ்ரீவைகுண்டத்தில் அழுகுவது வாழைச்சருகும் வைக்கோலும். இங்கே அழுகுவது மீன்குடலும் இறால்தலையும் கரையில் ஒதுங்கும் பாசியும்தான். அதை அப்படியே குழியில் போட்டு எடுத்த முதல் எரு, நட்ட நாற்றையெல்லாம் கொன்றுவிட்டது. கடல் தந்ததில் உப்பு இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆத்திரத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடி வெட்டிய குழியில் எதையும் கழுவாமல் போடவில்லை. அதுவும் கிணற்றுத் தண்ணீரில் இல்லை, எங்கள் தெருக் கிணறுகள் எல்லாமே உப்பு. தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்த நல்ல தண்ணீரில், தொட்டியில் அலசி அலசி, அடியில் தங்கும் மணலைக் கையால் துழாவி அள்ளிக் கொட்டிவிட்டு, பிறகுதான் குழிக்குக் கொண்டுபோவாள். மேலே பூவரச இலை, அடுப்புச் சாம்பல், ஆட்டுப் புழுக்கை. அதன்மேல் பனையோலைப் பாய்.

இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தோணி வைத்து வாழ்ந்த குடும்பத்து மருமகள் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் குடல் பொறுக்குகிறாள் என்று தெரிந்தால் பாஸ்கலின் மானம் என்னாவது? அவர் மானத்துக்காகத்தான் அவள் கூடையில் துணி கட்டினாள். அந்தத் துணியே வினையாக வந்து முடிந்தது.

பாஸ்கல் அப்போது முன்னறையில் கயிற்றுக் கடை வைத்திருந்தார். அதற்கு முன்னால், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், அவர் சிப்பி கழுவும் இடத்தில் கண்காணி. சிப்பியைக் குவித்து மூடி அழுக விடுவார்கள். ஈ மொய்க்கும், நாற்றம் ஊரைத் தூக்கும். சதையெல்லாம் அழுகிக் கரைந்ததும் தொட்டியில் போட்டு அலசி அலசி ஊற்றினால் அடியில் முத்து தங்கும். கழுவுகிறவன் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும்? அதனால் எல்லோருடைய கையையும் வாயையும் பார்த்துக்கொண்டே நிற்பது பாஸ்கலின் வேலை. சாயங்காலம் ஒவ்வொருத்தனும் அவர் முன்னால் வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை. நம்மோடு பேசும்போதுகூட முகத்தைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

"ஏளா பிளாரன்ஸ், குப்பைய எவளாவது கழுவுவாளா?"

"கழுவ மாட்டா."

"அதுவும் நல்ல தண்ணியில?"

"குடிக்கதுக்கே தண்ணியக் காணும்!"

"அழுக விடுதா. மூடி வைக்கா. அலசி ஊத்துதா. அடியில கைய விட்டுத் தடவுதா. இது என்ன வேலைன்னு எனக்குத் தெரியாதாக்கும்?"

இதற்குத் தோதாகச் சிலுவை வேறு வந்துபோனான். ரோச்சோடு கடலில் முத்துக் குளித்தவன், இப்போது சங்கு குளிக்கப் போகிறவன். கூட்டாளியின் பெண்சாதி கேட்டாள் என்று அவ்வப்போது ஒரு சாக்குப் பாசி கொண்டுவந்து பின்வாசலில் போடுவான். தனியாக இருக்கும் பெண்பிள்ளையின் பின்வாசலில் ஒரு ஆண் சாக்கோடு வந்துபோனால் ஊர் எதைச் சந்தேகப்படுமோ, அதைப் பாஸ்கல் சந்தேகப்படவே இல்லை. அந்த அளவுக்கு அவர் நல்லவர். அவருடைய சந்தேகமெல்லாம் சாக்கின் மேல்தான். ஒருநாள் கொல்லையில் எட்டிப் பார்த்தபோது, உதறிப் போட்ட பாசியில் ஒரு குஞ்சு முத்துச்சிப்பி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகென்ன, கேஸ் முடிந்தது.

சிப்பி சர்க்கார் சொத்து. முதலில் பயந்தார். பயம் தெளிந்ததும் பங்கு ஞாபகம் வந்தது. தேன் ஒழுகப் பேசினார்.

"அமலம், எங்கிட்ட மறைக்காத. எனக்கு எல்லாம் தெரியும்."

மீன்குடல் விஷயம் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "தெரிஞ்சுபோச்சா அத்தான்? வெளிய சொல்லிராதீங்க. மழைக்கு முந்தி முடிஞ்சிரும். அதுக்குப் பொறவு ஒங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன். தனியா ஒல வச்சிக்கிடுவேன்."

பாஸ்கலுக்கு விளங்கியது இவ்வளவுதான்: அத்தனை முத்தையும் சுருட்டிக்கொண்டு தனியாகப் போகப் பார்க்கிறாள்.

புரட்டாசி முடியும் சமயம். குழிக்குள் கையை விட்டால் சூடு அடங்கி, மீன்வாடை போய், கறுப்பாகப் பொலபொலவென்று வந்தது எரு. முத்துக்கனியிடம் கத்தரி நாற்றுக்குச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மன நிறைவோடு பூசைக்குப் போனாள் அமலோற்பவம். பாஸ்கலுக்கு அன்று வயிற்றுவலி. பிளாரன்ஸ் துணைக்கு இருந்தாள்.

பூசை முடிந்து வந்தவள் கொல்லையில் கண்டது: பாய் ஒரு மூலையில் கிடக்கிறது, குழி காலி. பிளாரன்ஸ் கிணற்றிலிருந்து இறைத்து இறைத்து ஊற்றுகிறாள். பாஸ்கல் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக்கொண்டு, பழைய தொழில் சுத்தத்தோடு, தொட்டியில் அலசிக்கொண்டிருக்கிறார். அவள் எருவெல்லாம் கறுப்புத் தண்ணீராக வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குக் கிடைத்தது ஒரு தூண்டில்முள்ளும், காய்ந்து வெள்ளையாய் உருண்டிருந்த ஒரு மீன்கண்ணும். மீன்கண்ணை வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு மடியில் செருகியிருந்தார்.

அமலோற்பவம் கிட்டே போனாள். தொட்டியில் மிச்சமிருந்ததில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. அப்படியே ஈரத்தில் உட்கார்ந்து, ரோச் வரமாட்டான் என்று தெரிந்த அன்று அழுதது போல ஓங்கி அழுதாள். சத்தம் கேட்டு நாங்கள் சுவரில் எட்டிப் பார்த்தோம்.

பாஸ்கல் பிளாரன்ஸின் காதில் சொன்னார். "பாத்தியா? வெறுங்குப்பைக்கு எவளாவது இப்பிடி அழுவாளா? நாமதான் கவனிக்காம விட்டுட்டோம். தண்ணியோட போயிருச்சு." சொல்லிவிட்டு வாய்க்கால் மணலை அரிக்கச் சல்லடை தேடிப் போனார்.

மறுநாள் காலையில் அமலோற்பவம் கொல்லையில் மூன்று செங்கல்லைக் கூட்டி அடுப்பு போட்டாள். முத்துக்கனியின் நாற்று இனி அடுத்த வருஷம்தான். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூடையின் மேல் துணி இல்லை. மீன்குடலும் செதிலும் இறால்தலையுமாகத் தளும்பத் தளும்ப, தெருவின் நடுவில் நிமிர்ந்து நடந்து வந்தாள். ஈ கூடவே வந்தது.

கயிற்றுக் கடையிலிருந்து பாஸ்கல் பதறிப்போய்க் கத்தினார். "ஏளா, மூடிக் கொண்டு போளா! குடும்ப மானம் போவுது!"

அவள் அவர் முன்னால் கூடையை இறக்கி வைத்தாள்.

"மூடித்தான இவ்வளவு நாளும் கொண்டு வந்தேன்? நல்லாப் பாத்துக்கிடுங்க அத்தான். வாயையும் தொறந்து காட்டட்டுமா?"

தெருவே நின்று பார்த்தது. பாஸ்கல் குனிந்து கூடைக்குள் பார்த்தார்.