நான்கு கயிற்றுப்பிடிகளும் ஒரு கழுத்தும்

முதல் அறிகுறி எனக்கு ஒரு மரத்தில் வந்தது. தரையிலிருந்து பன்னிரண்டு அடி உயரம், ஒக்ரோபர் மாதத்து ஈரக்காற்று. என் வலது கைப் பெருவிரல் ஒரு சின்ன முடிச்சை மேலே தள்ள மறுத்தது. நான் முடிச்சைத் திட்டினேன். அடுத்த எட்டு மாதமும் அதையேதான் செய்யப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மரமேறி மான் வேட்டையாடாதவர்களுக்காக அந்த முடிச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஒரு சிறு தட்டைக் கட்டி, அதில் உட்கார்ந்து மானுக்காகக் காத்திருப்போம். தட்டுக்கு மேலிருந்து அடிமரம் வரை தடித்த கயிறு ஒன்று தொங்கும். மெல்லிய கயிற்று வளையம் ஒன்று அதை மூன்று சுற்றாகச் சுற்றிப் பிடித்திருக்கும். உடம்பில் அணிந்த பாதுகாப்புப் பட்டியை அந்த வளையத்தில் கொழுவிவிட்டு, ஏற ஏற வளையத்தைக் கையால் மேலே தள்ளிக்கொண்டு போகவேண்டும். கால் சறுக்கினால் உடம்பின் பாரத்தில் முடிச்சு இறுகிக் கயிற்றைக் கவ்வும்.

தள்ளினால் நகரவேண்டும், இழுத்தால் கவ்வவேண்டும். இவ்வளவுதான் அதன் வேலை. அன்று அது நகரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பட்டியைக் கழற்றிவிட்டு, மிச்ச உயரத்தை ஒரு பிடிமானமும் இல்லாமல் ஏறினேன். இறங்கியதும் அப்படியேதான்.

என்னோடு வேட்டைக்கு வருகிறவன் ரஞ்சன், பிறம்ரனில் லொறி ஓட்டுகிறான். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில், தெரிந்தவர் ஒருவரின் பண்ணைக் காட்டில் எங்களுக்கு இரண்டு மரங்கள் உண்டு. நடந்ததைக் கேட்டதும் அவன் உடனே தீர்ப்புச் சொன்னான்.

“அண்ணை, உந்த முடிச்சு ஈரத்துக்கு ஊதிப்போகும். இரும்புச் சாமான் ஒண்டு வாங்குங்கோ.”

தீர்ப்பு எனக்குப் பிடித்திருந்தது. பிழை கயிற்றில் என்றால் கயிற்றை மாற்றினால் போதுமே.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பராமரிப்பாளர் நான். ஒழுகும் குழாய், திறக்காத பூட்டு, கதவில் ஆடும் பிணைச்சல் எல்லாம் என் கைக்குத்தான் வரும். அந்தக் குளிர்காலத்தில் திருகாணிகள் கையிலிருந்து அடிக்கடி நழுவின. இந்தக் காலத்து ஆணிகள் சரியில்லை என்றேன். மைத்துனர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த புதுச் சாரம் (லுங்கி) இடுப்பில் நிற்கவில்லை. துணியில் கஞ்சி கூடிவிட்டது என்றேன். உலகத்திலுள்ள எல்லாச் சாமான்களும் ஒரே நேரத்தில் கெட்டுப்போனதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன்.

விரல் நுனிகள் விறைக்கத் தொடங்கியதும் குடும்ப மருத்துவரிடம் போனேன். சட்டைப் பொத்தான் போடக் கஷ்டமா, பேனா பிடிக்கக் கஷ்டமா, முள்ளுக்கரண்டி பிடிக்கக் கஷ்டமா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். பொய்யில்லை. வேலைக்குப் பொத்தான் இல்லாத பெனியன், வீட்டில் சாரம். கடைசியாக எப்போது பொத்தான் போட்டேன் என்பதே நினைவில் இல்லை. சாரத்தைச் செருகி முடியக் கஷ்டமா என்று அவருக்குக் கேட்கத் தெரியாது. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கார்ப்பல் ரனல் (மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவது) ஆக இருக்கலாம் என்று சொல்லி, ஒரு கைப்பட்டி தந்து, குறையாவிட்டால் திரும்பி வரச் சொன்னார். குறையவில்லை. நானும் போகவில்லை. எங்கள் வீட்டுப் பேஸ்மென்றுக்கு (நிலவறைக்கு) போய்விட்டேன்.

பேஸ்மென்றில் வீட்டைத் தாங்கும் இரும்புத் தூண் ஒன்று இருக்கிறது. அதில் கயிற்றைக் கட்டினேன். முதலில் பழைய முடிச்சு. இரண்டாவதாக அதைவிட மெல்லிய கயிற்றில் புது வளையம், ஏனென்றால் சுற்றும் கயிறு தடித்த கயிற்றைவிட மெலிதாக இருந்தால்தான் நன்றாகக் கவ்வும். மூன்றாவது, பல் வைத்த இரும்புப் பிடி. நான்காவது, கைபிடியோடு கூடிய பெரிய பிடி. பெயரே சொல்கிறது, பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது பிடி.

எந்தப் பிடி நல்லது என்று தேடிப் பார்த்த காணொளிகளைப் பற்றிப் பேசினால் இரத்த அழுத்தம் ஏறும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு சாமானைத் தூக்கிக் காட்டி, இதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார்கள். உருப்படியாக நான் தெரிந்துகொண்டது சிலதுதான். எந்தத் தடிப்புக் கயிற்றுக்குச் செய்தது என்று இரும்பிலேயே பொறித்திருப்பார்கள், அந்த அளவுக்கு வெளியே போகக் கூடாது. விழும்போது தடுக்கச் செய்ததா, நின்ற இடத்தில் சாய்ந்து நிற்க மட்டும் செய்ததா என்று பார்த்து வாங்கவேண்டும். இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். பல் உள்ளது உறைந்த கயிற்றைக் கவ்வும், ஆனால் கயிற்றைத் தின்னும். எதுவானாலும் தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் போகாமல், முழுப் பாரத்தையும் போட்டுப் பார்க்கவேண்டும்.

நான்கையும் பார்த்தேன். நான்கும் சரியில்லை. இரும்புப் பிடியின் நாக்கைப் பெருவிரலால் அமர்த்தித் திறக்கவேண்டும், விரல் வழுக்கியது. உற்பத்தியாளருக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதம்கூட எழுதினேன். எழுத்துக் கோணல்மாணலாக வந்தது. பேனா சரியில்லை.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் என் மனைவி வசந்தி துவைத்த உடுப்புக் கூடையோடு கீழே வந்தாள். அவள் பிளாசா ஒன்றில் உடுப்புத் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். நாள் முழுக்க ஊசியும் நூலும்.

“இஞ்சேரப்பா, உதிலை என்ன பிரச்சினை?”

“முடிச்சு நகருதில்லை. கயிறு சரியில்லை.”

கூடையை இடுப்பில் வைத்தபடியே மற்றக் கையால் முடிச்சைத் தள்ளினாள். அது தூணின் உச்சிவரை போனது. வளையத்தை இழுத்தாள், கவ்வியது. முடிச்சைத் தளர்த்திக் கீழே கொண்டுவந்தாள்.

“நகருதே.”

“நீர் காய்ஞ்ச கயித்திலை தள்ளுறீர். மழையிலை தள்ளிப் பாரும்.”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “கையைக் காட்டுங்கோ.”

காட்டினேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருந்த சதை வற்றியிருந்தது. நாள் முழுக்க என்னோடே இருந்த கையை நான் பார்க்கவில்லை.

“நாலு மாசமாக் கரண்டியாலைதான் சாப்பிடுறியள். சாரத்துக்கு மேலை பெல்ற் கட்டுறியள். உதுக்கும் கயிறோ காரணம்?”

கரண்டி விசயம் எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சோறு விரலுக்குள் நிற்காமல் உதிர, கை தானாகவே கரண்டிக்கு மாறியிருக்கிறது.

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“வேலையிடத்துப் பழக்கம் ஒட்டிட்டுது எண்டு நினைச்சன். வயசுபோன காலத்திலை ஸ்ரைல் எண்டு சிரிச்சனான்.” இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் முறை மருத்துவரிடம் அவளும் வந்தாள். கேள்விகளுக்கு அவளே பதில் சொன்னாள். கையால் உண்பது எப்படி, சாரம் முடிவது எப்படி என்று தன் கையாலேயே செய்துகாட்டினாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் நடுவிரல் நுனியைச் சுண்டினார். பெருவிரல் தன்பாட்டில் துள்ளியது. ஒரு காலின் குதி மற்றக் காலின் விரலைத் தொடும்படி அடிவைத்து ஒரே கோட்டில் நடக்கச் சொன்னார். நான் சுவரைப் பிடித்தேன்.

எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் உடம்பின் உள்ளே படமெடுப்பது) எடுத்தபின் பெயர் வந்தது. செர்விக்கல் மயலோபதி. கழுத்தெலும்புகளுக்குள் ஓடும் வழி ஒடுங்கி, தண்டுவடத்தை (மூளையிலிருந்து உடம்புக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) நெரிக்கும் நிலை. பிழை கையிலும் இல்லை, கழுத்தில்.

அறுவை மருத்துவர் என்னைவிட வயது குறைந்த பெண். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“பட்டி இல்லாமல் எப்போதாவது ஏறினீர்களா?”

“ஒருமுறை.”

வசந்தி என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அதுவரை நான் சொல்லியிருக்கவில்லை.

அந்த உயரமே தேவையில்லை, ஒரு நாற்காலியிலிருந்து தவறி விழுந்திருந்தாலும் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போயிருக்கலாம் என்றார் மருத்துவர். பிறகு அறுவைச் சிகிச்சையைப் பற்றி விளக்கினார். நெரிசலை எடுத்துவிட்டு எலும்புகளைத் தகட்டாலும் திருகாணிகளாலும் பூட்டுவார்கள். நோக்கம், இதற்கு மேல் மோசமாகாமல் நிறுத்துவது. இழந்ததில் எவ்வளவு திரும்பும் என்று உத்தரவாதம் தர முடியாது.

எனக்குக் கோபம் வந்தது. ஒழுகும் குழாயைத் திருத்தப் போய், இனி இதற்குமேல் ஒழுகாது என்று மட்டும் நான் சொன்னால் வீட்டுக்காரர்கள் விடுவார்களா? காரில் வரும்போதுதான் உறைத்தது. கயிற்றுப்பிடியின் வேலையும் அதுதான். விழுகிறவனை விழுந்த இடத்தில் பிடிக்கும், மேலே தூக்கிவிடாது.

ஓகஸ்ட் மாதம் அறுவைச் சிகிச்சை நடந்தது. கழுத்தில் காவல்பட்டி, தொண்டையில் முள் குத்தும் வலி, பார்க்க வருகிறவர்கள் கையில் சூப். சூப்போடு அபிப்பிராயமும் வரும். “வாயில்லாச் சீவனைச் சுட்ட பாவம் தம்பி, சும்மா விடுமே?” என்றார் ஓர் அன்ரி. மூன்று வருடமாக வேட்டைக்குப் போகிறேன், ஒரு மானையும் சுட்டதில்லை. செய்யாத பாவத்துக்குத் தண்டனை என்றால் நான் எங்கே போய் முறையிடுவது? சூப் நன்றாக இருந்தது என்பதால் விட்டுவிட்டேன்.

கைப்பயிற்சிக்குப் பிசைய ஒரு பசையுருண்டை தந்தார்கள். இரண்டு நாளில் அது எங்கே போனது என்று தெரியாது, தேடவும் இல்லை. பேஸ்மென்றுத் தூணில் கயிறு இன்னும் தொங்கியது. மற்ற மூன்று பிடிகளையும் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு, பழைய முடிச்சை மட்டும் விட்டேன். நான் எதுவரை தள்ளினேனோ அதுவரை வசந்தி தையல் சோக்கால் தூணில் கோடு போட்டாள். முதல் கோடு என் முழங்காலுக்குக் கீழே. இரண்டு கிழமை கழித்தும் அங்கேதான். தூணைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நவம்பரில் ரஞ்சன் என்னைக் காட்டுக்குக் கூட்டிப்போனான். இனி மரம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், எனக்கு மடக்கு நாற்காலி. நான் கொண்டுபோயிருந்த நான்கு பிடிகளையும் அவன் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“கடைசியா எது நல்லது அண்ணை?”

“கையுறையைப் போடு. கயித்தை நனை. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையாலை தள்ளு. எது நகருதோ, எது கவ்வுதோ, அது. நாலும் நகரேல்லை எண்டால் கடைக்குப் போகாதை, டொக்டரிட்டைப் போ.”

அவன் மெல்லிய வளையத்தை எடுத்துக்கொண்டு ஏறினான். பூட்டிய கழுத்தால் நிமிர்ந்து பார்க்க முடியாது. அடிமரத்தில் தொங்கிய கயிற்று நுனியைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் அது ஒருமுறை துடித்தது. நான் எண்ணினேன். ஒரு மரம் ஏற இவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை மரத்தில் இருந்த காலத்தில் நான் கவனித்ததேயில்லை.

என்னைப்போலக் கையிலிருந்து சாமான்கள் நழுவத் தொடங்கியவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மருத்துவர் கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். வீட்டில் எப்படி உடுக்கிறீர்கள், எப்படி உண்கிறீர்கள் என்று அவர் கேட்காமலே சொல்லுங்கள். ஊர்ப் பழக்கத்தை அவரிடம் சொல்லத் தோன்றாததால் நான் மாதக்கணக்கில் நாளைத் தொலைத்தேன்.

முன்பெல்லாம் என் கைகள் என்னைக் கேட்காமல் வேலை செய்தன. இப்போது ஒவ்வொரு விரலிடமும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். பெருவிரல் கேட்கும், சுட்டுவிரல் பிந்திக் கேட்கும், சின்னவிரல் இன்னும் கேட்பதில்லை.

போன கிழமை சோக்குக் கோடு என் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. மேலே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு, பருப்பு, மீன் குழம்பு. சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் கரண்டி இல்லை. மறந்துவிட்டாளோ என்று நிமிர முடியாத கழுத்தோடு உடம்பையே திருப்பி வசந்தியைப் பார்த்தேன். அவள் தன் கோப்பையில் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

பிசைந்தேன். முதல் வாயில் பாதி கோப்பையிலேயே உதிர்ந்தது. மூன்றாவது வாய் முழுதாக வந்து சேர்ந்தது. சாப்பிட்டு முடிக்க முக்கால் மணி நேரம் எடுத்தது, குழம்பு ஆறிவிட்டது, உப்பும் குறைவு. உப்புக் குறைவு என்று சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள்.