அடிவாரத்தில் பன்னிரண்டு நிமிடம்

1. அஞ்சு ரோடு ஒண்ணு

கரீம் பாய் முதன்முதலாகச் சேலம் அஞ்சு ரோட்டுக்கு டிக்கெட் கேட்டது ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாகலூரில் வண்டி எடுக்கும்போதே சாரல். டைரியில் குறித்திருக்கிறேன்.

நான் அப்போது நாகலூர் – ஏற்காடு – சேலம் – கோவை தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கரீம் பாய்க்கு ஏற்காட்டில் ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய் விற்கிற கடை. செவ்வாய்தோறும் திருப்பூரில் சரக்கெடுக்க என் வண்டியில் அவிநாசி வரை வந்து, அங்கே டவுன் பஸ் மாறுவார். பல வருடப் பழக்கம். என் சீட்டுக்கு நேர் பின்சீட்டில்தான் உட்காருவார். நான் படித்து முடித்த வாரப் பத்திரிகை அவர் கைக்குப் போகும். அவிநாசி வரும்வரை நாட்டு நடப்பு பேசுவோம்.

அன்று, "அஞ்சு ரோடு ஒண்ணு குடுங்க கண்டக்டரே" என்றார்.

"அவிநாசி இல்லீங்களா பாய்?"

"அங்க எறங்கி ஜங்ஷன் போயிர்றேனுங்க. இன்டர்சிட்டி ரயிலு நேரா திருப்பூருக்குள்ளயே கொண்டுபோய் விட்டுருது."

டிக்கெட்டைக் கிழித்த வேகத்தில் அது ஓரம் பிய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு மலையில் எங்கு பார்த்தாலும் இன்டர்சிட்டி பேச்சுத்தான். கொட்டச்சேட்டு வாத்தியார் போனார். கரடியூர்க் காப்பித் தோட்டக்காரர்கள் குடும்பத்தோடு போனார்கள். கல்லூரிப் பிள்ளைகள் போனிலேயே சீட்டு எடுத்துக்கொண்டு, ஜன்னலோரப் படத்தை எனக்கே காட்டினார்கள். கோவை வரை நிரம்பிப் போன வண்டி அஞ்சு ரோட்டில் பாதி காலியாக ஆரம்பித்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "ஏனுங்க கண்டக்டரே, ஜங்ஷனுக்கு ஆள் கொண்டாந்து விடறதுக்கு ரயில்காரங்க உங்களுக்குச் சம்பளம் தராங்களா?" வண்டியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உள்ளே எரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவருவது நாங்கள். வாந்தி எடுக்கிறவருக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது நாங்கள். கீழே சமதரையில் நின்றுகொண்டு, நாங்கள் கொண்டுவந்த ஆளை ஏற்றிக்கொண்டு நல்ல பேர் வாங்குவது அது. மற்றவர்கள் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கரீம் பாய் ரயிலைப் புகழ்ந்தால் மட்டும் தாங்காது. "நொம்ப சௌரியமுங்க, எந்திரிச்சு நடக்கலாம்" என்பார். நான் பத்திரிகையைக் கொடுக்காமல் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

2. டிரம் சூடு

மலை இறங்கும் பஸ் அடிவாரத்தில் சற்று நிற்கும். பிரேக் டிரம் சூடேறியிருக்கிறதா என்று டிரைவர் இறங்கிப் பார்ப்பார். இரண்டு நிமிட வேலை. சூடு அதிகமென்றால் ஆறும்வரை நிற்க வேண்டும். பிரேக் என்று சொல்லிவிட்டால் எந்தப் பயணியும் வாய் திறக்கமாட்டார்.

புரட்டாசியில் ஒரு செவ்வாய், டிரைவர் மாதேசனிடம் சொன்னேன்: "அண்ணே, பின்னாடி டிரம் தீஞ்ச வாடை அடிக்குதுங்க."

"எனக்கொண்ணும் அடிக்கலையே."

"எனக்கு நல்லா அடிக்குதுங்க."

அவர் பயந்த மனிதர். நின்றுவிட்டார். பன்னிரண்டு நிமிடம்.

"போலாமுங்களா?" என்று கரீம் பாய் இரண்டு முறை கேட்டார்.

"பிரேக் விசயமுங்க பாய்" என்றேன்.

அஞ்சு ரோடு வந்தபோது போனைப் பார்த்தார். "ரயில் போயிருச்சு. அவிநாசியே குடுங்க" என்றார். எனக்குத் திருவிழா. பத்திரிகையை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிரிக்கவில்லை. சங்ககிரியில் டீ வாங்கி நீட்டினேன், வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார்.

பவானி தாண்டியதும் எழுந்து வந்தார். "ஒரு நிமிசம் நிறுத்த முடியுமுங்களா?"

பன்னிரண்டு நிமிடத்தை ஈடுகட்ட நான் மாதேசனை விரட்டிக்கொண்டிருந்தேன். "பெருந்துறை வந்துருச்சுங்க பாய். பத்தே நிமிசம்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறிது நேரம் கழித்துக் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "எனக்குச் சக்கரைங்க. அடக்க முடியல. ரயில்ல கக்கூஸ் இருக்குது. அதுக்குத்தான் நான் அதுல போறது. வேறொண்ணுமில்ல."

ஒற்றை விசில் ஊதினேன். வண்டி நின்றது. அதற்குள் தாமதமாகிவிட்டது. அவர் திரும்பி ஏறும்போது தோளில் கிடந்த துண்டு இடுப்பில் சுற்றியிருந்தது. தன் சீட்டுக்கு வராமல் கடைசி சீட்டுக்குப் போனார். அவிநாசியில் பின்படி வழியாக இறங்கினார்.

இத்தனை வருடமும் அவிநாசி வரை நாட்டு நடப்பு பேசியவன், அவர் உடம்புக்கு என்ன என்று ஒருமுறை கேட்டதில்லை.

3. வெள்ளிக்கிழமை

முதலில் மாதேசனிடம் உண்மையைச் சொன்னேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பிரேக்க வெச்சா வெளையாடறே? நாளைக்கு நெசமாவே வாடை அடிச்சு நீ சொன்னா, நான் நம்பறதா வேண்டாமா?" அதற்குப் பிறகு நான் அந்தத் தடத்தில் இருந்தவரை, டிரம் என்று நான் வாயெடுத்தால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ரெஸ்ட். தொழுகை முடிந்து கரீம் பாய் கடை திறந்ததும் போனேன். அவர் இனி என் வண்டியில் ஏறுவாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் குல்லாய்களை மடித்துக்கொண்டே இருந்தார்.

"தெரியுமுங்க."

"எப்படிங்க?"

"எப்பவும் டிரம் சூடுன்னா டிரைவருக்கும் முன்னால நீங்கதான் எறங்கிப் போய்ப் பாப்பீங்க. அன்னைக்குப் படியில நின்னுக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துட்டிருந்தீங்க." ஒரு குல்லாயை உதறினார். "எம் பொண்டாட்டிகூட என்னைய இப்படிச் சந்தேகமாப் பாத்ததில்லீங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

"செவ்வாக்கெழமை வருவீங்களா பாய்?"

"வராம எங்க போறேன்? அஞ்சு ரோடு வரைக்குந்தான்."

இளம் கண்டக்டர்களுக்குச் சொல்கிறேன். பிரேக் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். ஓர் ஆள் வேறு வண்டிக்குப் போனால், போட்டி போடும் முன் காரணத்தைக் கேளுங்கள். ரயில் மேல் எனக்குப் பொறாமை இன்றும் உண்டு. ஓய்வு பெற்றும் தீரவில்லை.

அன்று கடையிலிருந்து வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் நின்று நேரப் பலகையைப் பார்த்தேன். என் வண்டிக்கு அரை மணி முன்னால் சேலத்துக்கு ஒரு பஸ் இருந்தது; தினமும் பார்க்கிற வண்டிதான், அன்றுதான் கணக்குப் போட்டேன். அதில் போனால் இன்டர்சிட்டியை நிதானமாகப் பிடிக்கலாம், ஜங்ஷனில் டீயும் குடிக்கலாம். ஆடியிலிருந்து செவ்வாய்தோறும் அதைப் போகவிட்டு, சாரலில் குடையோடு நின்று, கரீம் பாய் என் வண்டியில் ஏறியிருக்கிறார்.