காகிதத் தட்டில் ஒன்பது

நெல்டா ப்ரூயிட் முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பின்னிருக்கையில் யார் சேட்டை செய்தாலும் கண்ணாடியில் பார்த்தே பெயர் சொல்லி அதட்டுவாள். டெக்சாஸின் அந்த வட்டாரத்தில் அவளிடம் திட்டு வாங்காத ஆண்பிள்ளை கிடையாது. அப்படிப்பட்டவளின் விரல்களை இப்போது முடக்குவாதம் பிடித்துக்கொண்டது. ஊறுகாய் பாட்டிலைத் திறக்கவே படாதபாடு.

பிப்ரவரியில் அவள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், எவனோ பின்கதவை உடைத்துவிட்டான். ஷெரீப் அனுப்பிய போலீஸ்காரர் வந்து சேர நாற்பது நிமிஷம். டல்லாஸிலிருந்து ஓடி வந்த மகன் ராய்ஸ் ஒரே பிடியாக நின்றான். செத்துப்போன அப்பாவின் பெரிய துப்பாக்கியால், அந்த ஃபார்ட்டி ஃபைவால், ஏழு கஜத்தில் ஒரு காகிதத் தட்டில் ஐந்து குண்டு போட்டுக் காட்டினால் அம்மா இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் வீட்டை விற்றுவிட்டு அவனோடு கிளம்ப வேண்டும்.

சனிக்கிழமை காலை, ஊரில் செசில் என்பவர் நடத்தும் துப்பாக்கி சுடுதளத்துக்கு வண்டி நிறைய காலி அட்டைப்பெட்டிகளோடு வந்தான். அதைப் பார்த்ததும் நெல்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோற்பேன் என்று முடிவே கட்டிவிட்டானே!

குண்டேற்ற ஃபார்ட்டி ஃபைவின் மேல்பகுதியை இழுக்கவே செசிலின் கை தேவைப்பட்டது. முதல் குண்டு தட்டின் ஓரத்தில் பட்டது. மற்ற நான்கும் மண்மேட்டுக்குள் போயின.

செசில் புதுத் தட்டு ஒன்றை மாட்டிவிட்டு, ட்வென்டி டூ என்ற சின்னத் துப்பாக்கியைக் கொடுத்தார். நெல்டா நிதானமாகப் பத்து சுட்டாள். ஒன்பது தட்டில்.

"கொசுக்கடிம்மா அது," என்றான் ராய்ஸ். "வர்றவன் சிரிச்சிட்டு மேல வருவான்."

"பெரிய குண்டு பெரிய ஓட்டை போடும், இல்லேங்கல," என்றார் செசில். "ஆனா அதால உங்கம்மா போட்டதுல நாலு மண்ணுலல்ல இருக்கு?"

"எங்க, அந்தப் பெரிய துப்பாக்கியை நீ சுடுடா பார்ப்போம்," என்றாள் நெல்டா. சொல்லிக்கொண்டே செசிலைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

செசில் புரிந்துகொண்டார். அந்தத் தளத்தில் பழைய விளையாட்டு ஒன்று உண்டு: சுடுபவன் வெடியின் உதைக்கு முன்கூட்டியே பயப்படுகிறானா என்று பார்க்க, குண்டுகளுக்கு நடுவே வெடிக்காத போலிக் குண்டு ஒன்றை அவனுக்குத் தெரியாமல் செருகிவிடுவார்கள். மூன்றாவதாகச் செருகினார்.

இரண்டு வெடித்தன. மூன்றாவது 'டிக்' என்றது. வெடியே இல்லாமல் துப்பாக்கியின் மூக்கு தரையைப் பார்த்துத் தொப்பென்று குனிந்தது. ராய்ஸின் கண்கள் இறுக்கி மூடியிருந்தன.

"கண்ணைத் திறடா தங்கம், பள்ளிக்கூடம் வந்தாச்சு," என்றாள் நெல்டா.

ராய்ஸின் காது சிவந்தது. அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்பா இதை எப்படிம்மா சுட்டாரு?"

"உங்கப்பாவும் கண்ணை மூடிட்டுத்தான் சுடுவாரு. முப்பது வருஷம். நான் ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்ல."

ராய்ஸ் அம்மா ஓட்டை போட்ட தட்டை எடுத்து இன்னொரு முறை எண்ணிப் பார்த்தான். ஒன்பதுதான்.

"கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டுட்டுப் போறேன்," என்றான் மெதுவாக. "அந்தப் பெட்டியையெல்லாம் என்ன பண்றது?"

"ஒண்ணுல உங்கப்பா துப்பாக்கியை வச்சு நீ எடுத்துட்டுப் போ," என்றாள் நெல்டா. "இந்த வீட்டுல இருந்து டல்லாஸுக்குப் போறது அது மட்டுந்தான்."