அகர் மணத்த காலை

பேத்தி வாங்கி வந்த அகர் அத்தரை என் மணிக்கட்டில் தடவியதும், சூலியா தெருவில் வாப்பாவின் அத்தர் கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த, பின்னாளில் ஜப்பான்காரன் குண்டில் இடிந்துபோன வீட்டின் மரப்படிகள் என் காதுக்குள் முனகின.

வாப்பா காலையில் கடையில் நாலைந்து குப்பிகளை முகர்ந்து பார்த்து, அன்றைய மனசுக்கு ஒத்ததைப் பஞ்சில் நனைத்துக் காதில் செருகிக்கொண்டுதான் பசியாற மேலே வருவார். ரோஜா என்றால் நாங்கள் சிரிக்கலாம், அகர் என்றால் கரண்டிகூடச் சத்தம் போடக் கூடாது. அவர் தலை தெரியுமுன்பே வாசனை சொல்லிவிடும்.

எட்டு வயதில் ஒருநாள், அவர் எதிர்க்கடைக்குப் போன சமயம், பெரிய மனுஷி என்ற நினைப்பில் நானும் அகர்ப் பஞ்சைக் காதில் செருகிக்கொண்டு, அவரைப் போலவே மெதுவாகப் படியேறினேன். அடுப்படியில் முதுகு காட்டி நின்ற உம்மாவின் கை, ரொட்டிக் கல்லின் மேல் அப்படியே நின்றது.

“என்ன தப்பு செஞ்சேன்னு சொல்லிருங்க. பிள்ள முன்னால மட்டும் கை ஓங்காதீங்க” என்றார் உம்மா, திரும்பாமலே.

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. பஞ்சைப் பிடுங்கி உள்ளங்கையில் பொத்தினேன். வாசனை போகவில்லை, உம்மாவும் திரும்பவில்லை.