முழுச் சிரிப்பு யாருக்கு

என் அக்காவுக்குப் பொறாமை பிறவிக் குணம். நான் பிறந்து, அம்மாவின் பக்கத்தில் அவள் படுக்கும் இடம் பறிபோன அன்றே அது தொடங்கிவிட்டது. எனக்குக் காய்ச்சல் வந்தால் தன் நெற்றியையும் தொட்டுப் பார்க்கச் சொல்வாள். அவளுக்குக் கல்யாணம் ஆனதும் நான் தப்பித்தேன், அத்தான் மாட்டிக்கொண்டார். அவர் தெருப் பூனையைக் கொஞ்சினால்கூட இவள் முகம் சுருங்கும்.

இருவரும் சேர்ந்து போட்டோ ஸ்டுடியோ நடத்தினார்கள். படம் எடுப்பது அக்கா, ஃபிரேம் போடுவது அத்தான். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு வயசாகிவிட்டது. எப்பேர்ப்பட்ட உம்மணாமூஞ்சியையும் சிரிக்க வைத்துவிடுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருஷம், கண்ணாடி அறுத்துக்கொண்டிருந்த அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பக்கத்துக்கு ரத்தம் போகிற குழாயில் அடைப்பு. உடம்பின் இடது பக்கத்தை நடத்துவது அந்த வலது மூளைதானாம். அதனால் இடது கை தொங்கிவிட்டது, வாயின் இடது ஓரம் இறங்கிவிட்டது. நல்லவேளை, பேச்சு குழறினாலும் புரிந்தது.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அக்கா கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "என்னங்க, கொஞ்சம் சிரிங்க." அவரும் பாவம், முயற்சி செய்வார். வலது ஓரம் ஏறும், இடது அசையாது. "இன்னும் கொஞ்சம்" என்பாள். நெற்றி வேர்க்கும், சிரிப்பு கோணலாகவே நிற்கும்.

பிசியோதெரபி கொடுக்க ஒரு இளம்பெண் வந்துபோனாள். ஒருநாள் டீ எடுத்துக்கொண்டு போன அக்கா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அந்தப் பெண் அத்தானின் கையை மடக்கி நீட்டிக்கொண்டிருக்க, அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு ஓரமும் ஏறிய பழைய சிரிப்பு. அக்காவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

உடனே எனக்கு போன். "எனக்குக் கோணல், அவளுக்கு முழுசு. பாத்தியாடி இந்த மனுஷனை?"

"படுத்துக் கிடக்கிறவர் மேலயாக்கா சந்தேகம்?"

"சந்தேகம் இல்லடி. வயிறு எரியுது."

நானே போய், அக்காவை வைத்துக்கொண்டே அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சிரிங்கன்னு சொன்னா சிரிக்கிறதுக்கு மூளையில ஒரு வழி. தானா வர்ற சிரிப்புக்கு வேற வழி. சாருக்கு அடிபட்டது முதல் வழியில. அதான் கேட்டா கோணலா வருது. மனசுல சந்தோஷம் வந்தா ரெண்டு பக்கமும் ஏறுது" என்றாள்.

எனக்கு நிம்மதி. அக்காவுக்கு எரிகிற தீயில் எண்ணெய். "அப்ப அவகிட்ட சந்தோஷம் தானா வருது. என்கிட்ட வரலை. அதானே?"

அதோடு "சிரிங்க" என்பதை விட்டாள். ஸ்டுடியோவில் குழந்தைகளிடம் காட்டும் கோமாளித்தனமெல்லாம் காட்டினாள். வருகிறதா என்று உற்று உற்றுப் பார்த்தால் மனுஷனுக்கு எங்கிருந்து சிரிப்பு வரும்? பரீட்சை எழுதுகிறவர் மாதிரி விழித்தார். "ஊரையே சிரிக்க வெச்சேன், இவர் ஒருத்தரை முடியல" என்று சமையலறையில் நின்று அழுதாள்.

மறுநாள் நான் அங்கே இருக்கும்போதே உள்ளறையிலிருந்து மறுபடி சிரிப்புச் சத்தம். அக்கா கொதித்துப்போய் நுழைந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்படி என்னதான் சொல்றே நீ அவர்கிட்ட?"

அந்தப் பெண் அத்தானின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். "நான் ஒண்ணும் சொல்லல மேடம். வலி தெரியாம இருக்க ஏதாவது பேசுங்கன்னு சொல்வேன். சார்தான் பேசுவார். எப்பவும் உங்களைப் பத்திதான்."

"என்னைப் பத்தி என்ன?"

"ஒரு கல்யாணப் படத்துக்கு ஃபிரேம் போடறப்ப, பொண்ணு லட்சணமா இருக்குன்னு சொல்லிட்டாராம். நீங்க உங்க படம் அத்தனையும் கொண்டாந்து, முதல்ல இதுக்கெல்லாம் ஃபிரேம் போடுங்கன்னு மேஜையில கொட்டினீங்களாம்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. அத்தான் பக்கம் திரும்பினாள். "அதையும் இவகிட்டதான் சொல்லணுமா? என் கதையை என்கிட்ட சொன்னா வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமா?"

அத்தானின் வாயோரம் துடித்தது. வலது ஓரம் ஏறியது, கூடவே இடதும். தோள் குலுங்கச் சிரித்தார்.

அக்கா பார்த்துவிட்டாள். குரல் உடைந்தது, கண்ணில் நீர் கொட்டியது. ஆனாலும் நிறுத்தினால் எங்கே அது போய்விடுமோ என்று பயந்து, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தாள்.