கிணற்றுக்குள் நீண்ட கை

யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிடுகிற வழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. எட்டு வயதில் நான் அதிகமாகச் சந்தேகப்பட்ட ஆள் என் தாய்மாமா. துறைமுகத்துப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டு, மயிலாப்பூரில் எங்களோடுதான் இருந்தார். ஒரே கிணற்றை நம்பி மூன்று குடித்தனங்கள் இருந்த வீடு அது. அதன் கொல்லையில் இரண்டு தார்ப் பீப்பாய்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பற்றவைத்து, பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் பதித்து, நீர்மூழ்கிக் கப்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சண்டைக் காலத்தில் ஒரு மனிதர் நீர்மூழ்கிக் கப்பல் கட்டினால் சந்தேகப்படாமல் வேறு என்ன செய்வது? ஜப்பான்காரனோடு ஏதோ ஏற்பாடு இருக்கிறது என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

கப்பலைவிட அதன் கைதான் பெரிய விஷயம் என்பார் மாமா. ஆள் உள்ளே உட்கார்ந்தபடியே வெளியில் தண்ணீருக்கடியில் கிடப்பதை எடுக்க வேண்டும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. அது எப்படி முடியும் என்று கேட்டதற்கு என் கையைப் பிடித்து நாலு பக்கமும் சுழற்றினார்.

"உன் தோள்ல இன்னா கீது தெரியுமா? ஒரு கிண்ணம், அதுக்குள்ள ஒரு குண்டு. அதான் இப்படிச் சுத்துது. இதுவும் அதான் கண்ணு."

பீப்பாயின் சுவரில் பித்தளைக் கிண்ணம். அதற்குள் தேங்காய் அளவுக்கு ஒரு பித்தளைக் குண்டு. குண்டின் நடுவே ஓர் இரும்புத் தண்டு, தண்டின் நுனியில் இடுக்கி. குண்டும் கிண்ணமும் இழை பிசகாமல் பொருந்த வேண்டும் என்று பத்து நாள் மாரடித்தார். விளக்குக் கரியைக் குண்டில் பூசிக் கிண்ணத்துக்குள் சுழற்றிப் பார்ப்பார். எங்கே கறுப்பு ஒட்டியதோ அங்கே மேடு என்று அர்த்தம். அங்கே மட்டும் சுரண்டுவார். மறுபடி கரி, மறுபடி சுரண்டல். இவ்வளவு பித்தளை எங்கிருந்து வந்தது என்று நான் தினமும் சமையலறைப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை என்பதே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்தக் கையை நம்பித்தான் மாமாவின் கல்யாணமே இருந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த பட்டறை மேஸ்திரிக்கு ஒரு பெண். மாமாவுக்கு அந்தப் பெண்மேல் உயிர். "கை வேலை செய்யறத என் கண்ணால பாக்கறேன். அப்புறம் துரைகிட்டயும் சொல்றேன், தாம்பூலமும் மாத்தறேன்" என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில், எங்கள் கிணற்றில் வெள்ளோட்டம் என்று முடிவாயிற்று.

கிணறு என்றதும் வீடே குதித்தது. நடுக்கட்டுப் பெரியம்மா, கங்கை மாதிரி தண்ணீரைக் கெடுக்காதே என்றாள். பின்கட்டுச் சித்தி, அதில் முனி இருக்கிறது என்றாள். எல்லோரையும்விட அப்பாதான் அதிகமாகக் கத்தினார்.

"குடிக்கிற தண்ணியில கிரீஸைக் கரைக்கப் போறானா? ஆத்துல எறக்கச் சொல்லு!"

எங்கள் வீட்டுக் காரணம் எனக்குத் தெரியும். முந்தின வருஷம், குண்டு விழப்போகிறது என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது, அம்மா தன் ஒட்டியாணம், வெள்ளி விளக்கு, செப்புக் குடம் எல்லாவற்றையும் அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா தனியாக உட்கார்ந்து பச்சைத் தகரப் பெட்டியில் அடுக்கி, பூட்டி, விடிவதற்குள் கிணற்றில் இறக்கிவிட்டார். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எனக்கும் சத்தியம். ஊர் திரும்பிய பிறகு அம்மா கேட்கும்போதெல்லாம், "சண்டை முடியட்டும்" என்பார். பெட்டி கிணற்றில் இறங்கியதிலிருந்தே, சனிக்கிழமைகளில் கிண்டிக்குக் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டப் போவதையும் அவர் நிறுத்திவிட்டிருந்ததால், அம்மா அவரிடம் அதிகம் சண்டை போடவில்லை.

தம்பி கல்யாணம் என்றதும் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. மாமாவின் காதில் அவள் கிசுகிசுத்தது என் காதிலும் விழுந்தது. "என் பொட்டி உள்ளதாண்டா கீது. அதையே தூக்கிக் காட்டு. உன் கல்யாணத்துக்கு அந்த ஒட்டியாணத்தைப் போட்டுக்கினுதான் நிப்பேன்."

ஞாயிறு உச்சி வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்தது. கோடையில் தண்ணீர் ஒன்றரை ஆள் ஆழம்தான், பீப்பாயின் வாய் தண்ணீருக்கு மேலேயே நிற்கும், அதனால் மூடி வேண்டியிருக்கவில்லை. அடியில் கருங்கற்களைக் கட்டி, மாமாவை உள்ளே உட்காரவைத்து, கயிற்றில் இறக்கினார்கள். மேஸ்திரி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு, கண் கொட்டாமல் மாமாவைக் கண்காணித்தேன்.

"அக்கா! ஒண்ணு இல்லக்கா, மூணு பொட்டி கீது!" என்று மாமாவின் குரல் எழுந்தது.

நடுக்கட்டுப் பெரியம்மா பின்கட்டுச் சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள். "அடிப்பாவி, நீயுமா?" என்று பெரியம்மா கேட்க, மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. பிடித்திருந்த கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"ஒண்ண தூக்குப்பா, பாக்கலாம்" என்றார் மேஸ்திரி.

கை நீண்டது. இடது பக்கம் திரும்பியது, கீழே குனிந்தது, எங்கள் பச்சைப் பெட்டியின் மூடியை இடுக்கி கவ்வியது. அடடா, என்ன அழகாக எழும்பியது! ஒரு முழம் தூக்கியதும், துருப்பிடித்த பூட்டு விட்டு, மூடி பிளந்தது. உள்ளே செக்கச்செவேல் என்று ஏதோ தெரிந்தது. செப்புக் குடம்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

கை அப்படியே நின்றது. மாமா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். என்னையோ மேஸ்திரியையோ அல்ல, அப்பாவை. பிறகு பெட்டி மெல்ல, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல, சேற்றில் இறங்கியது. இடுக்கி மூடியை அழுத்திச் சாத்தியது.

"கை ஒடிஞ்சிடிச்சி. மேல தூக்குங்க" என்றார் மாமா.

மேஸ்திரி உச்சுக்கொட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா கிரீஸ் கையோடு நின்றபோது, அவரை அதுவரை பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டிராத அப்பா, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினார்.

சாயங்காலம் யாரும் பார்க்காதபோது பீப்பாய்க்குள் இறங்கிக் கையைத் திருப்பிப் பார்த்தேன். குண்டு வழுக்கிக்கொண்டு சுழன்றது. ஒடிந்தது எதுவும் இல்லை! மாமா திருடன், பிறகு தனியாக வந்து எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று அப்பாவிடம் ஓடிச் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு அப்பா கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஓகோ, கூட்டுக் களவா என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

அடுத்த வாரம் மற்ற இரண்டு பெட்டிகளையும் பாதாளக்கரண்டி போட்டு இழுத்தார்கள். எங்கள் பெட்டிக்கு அப்பாவே இறங்கினார். தகரம் அரித்துப்போய் எல்லாம் சேற்றோடு போய்விட்டது என்றார். அம்மா மூன்று நாள் அழுதாள். மேஸ்திரி பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். "என் பொட்டிகிட்ட போனதும் ஒடிஞ்ச கைதானே உன் கை" என்று அம்மா சாகிறவரைக்கும் தம்பியைக் கேலி செய்தாள். அவரும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். நானோ அவர் நீட்டிய பெப்பர்மின்ட்டை அதற்கப்புறம் ஒரு நாளும் வாங்கவில்லை. திருடன் கையால் வாங்குவேனா?

ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்த செம்பு பச்சை பூத்துப்போயிருக்கும், அப்படிச் செக்கச்செவேல் என்று இருப்பது செங்கல்தான் என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை.