சிவப்புத் துணி

ஈப்போவில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு பெரிய சாக்கடை ஓடுகிறது. போன வருட மழையில் அது அடைத்துக்கொண்டு, கறுப்புத் தண்ணீர் கீழ்த்தள வீடுகளுக்குள் புகுந்தது. நானும் இறங்கி அள்ளினேன். வந்ததில் பாதி சவர்க்கார போத்தல்கள். நாங்கள் வாங்கும் அதே போத்தல்கள்.

அதன் பிறகு, மார்க்கெட்டுக்குப் பின்புறம் ஒரு சீனர் நடத்தும் கடைக்குப் போக ஆரம்பித்தேன். பழைய போத்தலைக் கொண்டுபோனால் சவர்க்காரத்தையும் தரை கழுவும் திரவத்தையும் நிறுத்து ஊற்றித் தருவார்கள். அங்கே அதிகம் பேச வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. நான் கூச்சக்காரன். போத்தலை நீட்டினால் போதும்.

வீட்டில் காலியான ரோஸ் சிராப் போத்தலைக் கழுவி, மேலே ஒட்டியிருந்த காகிதத்தை ஊறவைத்து உரித்து, அதில்தான் தரை கழுவும் திரவத்தை வாங்கி வந்தேன். அதுவும் சிராப்பைப் போலவே சிவப்பு. ரோஜா வாசனை வேறு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள், எந்த டின்னையும் போத்தலையும் வீசமாட்டோம். அதனால் எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை.

தீபாவளிக்கு முதன்முறையாக வீட்டில் விருந்து வைத்தோம். நான் வேலை செய்யும் கிடங்கின் மேற்பார்வையாளர் மனைவியோடு வந்திருந்தார். வயதில் இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் அவர் முன்னால் எனக்கு வாய் எழும்பாது. உதவிக்குச் சிம்பாங் பூலாயிலிருந்து மனைவியின் தங்கை வந்திருந்தாள்.

அவள் தட்டில் கண்ணாடிக் குவளைகளை அடுக்கி, சிராப்பும் பாலும் கலந்து கொண்டு வந்து வைத்தாள். குவளைகளின் மேலே நுரை நின்றது. பாலைக் கலக்கினால் வரும் நுரை சீக்கிரம் அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

மெதுவாக எழுந்து அடுப்படிக்குப் போனேன். காலையில் நான்தான் தரையைக் கழுவினேன். அந்தத் திரவப் போத்தலை மேசையிலேயே வைத்துவிட்டிருந்தேன். இப்போது அது பாதி காலி. அலமாரியில் புது சிராப் மூடி திறக்கப்படாமல் இருந்தது.

திரும்பி ஓடினேன். மேற்பார்வையாளர் குவளையைக் கையில் எடுத்திருந்தார். அவர் மனைவி பலகாரத்தை மென்று முடித்துவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். என்னவென்று சொல்வது? விருந்தாளிக்குச் சவர்க்காரம் கொடுத்தோம் என்றா? குவளை உதடு வரை போய்விட்டது.

"குடிக்காதீங்க."

அந்தச் சத்தம் என்னிடமிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. நான் போய் அவர் கையிலிருந்து குவளையைப் பிடுங்கினேன். சட்டையில் சிந்தியது. என்ன என்று கேட்டார். தரை கழுவுவது என்றேன்.

அவர் குவளையை முகர்ந்து பார்த்தார். யாரும் குடிக்கவில்லை என்று நிச்சயமானதும் மெல்லச் சிரித்தார்.

"ஏழு வருசத்துல உங்க சத்தத்த இன்னிக்குத்தான் கேக்குறேன் லா, அண்ணே."

எல்லாரும் சிரித்தார்கள். கொழுந்தியாள் சுவரோரம் நின்று அழுதாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

விருந்தாளிகள் போன பிறகு என் மனைவி நான் சேர்த்து வைத்திருந்த எல்லாப் போத்தல்களையும் ஒரு பையில் போட்டு வாசலில் வைத்தாள்.

"சாக்கடைய காப்பாத்துறேன்னு ஆள கொன்னுருப்பீங்க. இனிமே கடையில பேர் ஒட்டி வர்றதையே வாங்குங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. பையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதின்மூன்று வயதில் ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, தோட்டத்தில் களைக்கு மருந்து அடிக்கப் போனவன் நான். அங்கே மருந்து ஊற்றிய டின்னின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டாமல் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. எங்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது, துணி தெரியும். டின்னைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை மட்டும் டவுனுக்குக் கொண்டு வந்தேன். துணியை மறந்துவிட்டேன்.

பழைய சிவப்புக் கைலி ஒன்றைக் கிழித்தேன். சிராப் போத்தலை மட்டும் எறிந்துவிட்டு, தின்னக் குடிக்க எதுவும் வராத வெள்ளை சவர்க்கார போத்தல்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்திலும் கட்டினேன்.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குனிந்து ஒன்றை எடுத்து, நான் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அது அவிழ்ந்து வந்தது. அவளே இரண்டு முடிச்சாகப் போட்டுக் கட்டினாள்.